ஆறாவது புள்ளி

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. மே மாத விடுமுறை. ஆரம்பித்தது பெரம்பலூரில் எங்கள் வீட்டில். முடிந்தது அரியலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருந்த ஒரு பழைய சாமான் கடையில்.

நான் பெரம்பலூர் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. பிறந்ததிலிருந்தே எனக்குப் பார்வை கிடையாது. இதைச் சொன்னதும் பலருக்குக் குரல் மாறிவிடும். உங்களுக்கும் மாறியிருந்தால் பரவாயில்லை, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். பதினெட்டு வருடமாக வகுப்பு எடுக்கிறேன். மூன்றாவது பெஞ்சில் யார் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

நான் பாடம் நடத்துவது குறிப்புகளை வைத்துத்தான். மேஜை மேல் பிரெய்ல் தாள் இருக்கும். இடது கை அதன் மேல் ஓடிக்கொண்டே இருக்கும், வாய் பேசிக்கொண்டே இருக்கும். இந்தக் காலத்தில் போனே எல்லாவற்றையும் வாசித்துச் சொல்கிறதே, இன்னும் எதற்குத் தாள் என்று கேட்பார்கள். போன் காதில் பேசிக்கொண்டிருந்தால் நாற்பது பிள்ளைகள் பேசுவது எனக்குக் கேட்காது. வகுப்பில் என் காது பிள்ளைகளுக்கு, விரல்தான் பாடத்துக்கு.

அந்தத் தாள்களை அடிக்க ஒரு மெஷின் உண்டு. பழைய டைப்ரைட்டர் மாதிரி இருக்கும், ஆனால் எழுத்துக்கு ஆறே ஆறு கீதான். ஒவ்வொரு கீயை அமுக்கினாலும் தாளில் ஒரு புள்ளி மேலெழும்பும். எந்தெந்தப் புள்ளிகள் சேர்ந்து எழும்புகின்றன என்பதை வைத்து எழுத்து. முதல் சம்பளங்களைச் சேர்த்து நான் வாங்கிய மெஷின் அது. அந்த ஏப்ரல் கடைசியில், பள்ளி மூடிய வாரத்தில், உள்ளே ஏதோ ஒடிந்து நின்றுவிட்டது. திருச்சியில் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். பிரித்துப் பார்த்துவிட்டு இதற்குப் பாகம் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்.

வேறு வருடமாக இருந்தால் பொறுத்திருப்பேன். ஆனால் அந்த வருடம்தான் முதன்முறையாக எனக்குப் பத்தாம் வகுப்பு கொடுத்திருந்தார்கள். அதுவரை ஆறும் ஏழும்தான். தலைமையாசிரியர் ஆசிரியர் அறையில் இதை அறிவித்தார். பிறகு ஒருவர், பொதுத் தேர்வு வகுப்பாச்சே, சமாளிச்சுடுவீங்களா டீச்சர் என்று அக்கறையாகத்தான் கேட்டார். ஜூன் மாசம் வந்து பாருங்க சார் என்றேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால் மெஷின் ஒடிந்து கிடக்கிறது.

புது மெஷின் வாங்குகிற நிலையில் அப்போது நாங்கள் இல்லை. வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருந்தது. அரசு உதவிக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன், அது எப்போது வருமோ. கையால் எழுதுகிற பிரெய்ல் ஸ்லேட் ஒன்று இருந்தது. தாளை அதில் மாட்டி, ஊசியால் ஒவ்வொரு புள்ளியாகக் குத்த வேண்டும். ஒரு பாடத்தை முடிக்கவே இரண்டு நாள் ஆகும், மணிக்கட்டு வீங்கிவிடும்.

அப்படி இருக்கும்போதுதான் பழைய பொருள்களை ஏலத்தில் விற்கும் ஓர் ஆப்பில் தேடிக்கொண்டிருந்தேன். போன் வாசிக்க வாசிக்கக் கேட்டுக்கொண்டே வந்தால், பிரெய்ல் மெஷின் என்று ஒன்று வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். விவரம் ஆங்கிலத்தில் இருந்தது. எல்லா கீயும் நன்றாக வேலை செய்கிறது, கவனமாகப் பயன்படுத்தியது, பெட்டியுடன். கீழே படம் ஒன்று, படம் இரண்டு, படம் மூன்று என்று போன் சொன்னது. படத்தில் என்ன இருக்கிறது என்று அதற்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்த நேரம் என் வீட்டுக்காரர் அடுத்த அறையில்தான் இருந்தார். அவருக்குப் பார்வை உண்டு. ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஏங்க, இந்தப் படத்தைக் கொஞ்சம் பாருங்க என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்கு அப்படி ஒரு பிடிவாதம் உண்டு. என் சாமானை நானே பார்த்து, நானே வாங்க வேண்டும். எழுத்தில் எல்லாம் இருக்கிறதே, படம் எதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு ஏலம் முடிந்தது. என்னோடு இன்னொருவரும் கேட்டுக்கொண்டே வந்தார். கடைசி நிமிடத்தில் அவர் விட்டுவிட்டார். எனக்குக் கிடைத்துவிட்டது என்று போன் சொன்னதும் எழுந்துபோய் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

நான்கு நாளில் பார்சல் வந்தது. பெட்டியைப் பிரித்து மெஷினைத் தடவிப் பார்த்தேன். கனம் சரி, உருளை சரி, கீ எல்லாம் அதனதன் இடத்தில். மேல்பக்கம் வலது ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பிசுபிசுவென்று இருந்தது. ஏதோ ஸ்டிக்கர் ஒட்டியிருந்த பசை என்று விட்டுவிட்டேன். தாளைச் செருகி, முதல் பாடத்தில் வரும் சொல்லாக இருக்கட்டும் என்று 'உழவர்' என்று அடித்தேன். விரலை வைத்து வாசித்தால் 'கரலர்' என்று வந்தது.

நான்தான் தப்பாக அடித்துவிட்டேன் என்று நினைத்தேன். நிதானமாக மறுபடி அடித்தேன். மறுபடியும் கரலர். அப்புறம் ஒவ்வொரு கீயாகத் தனித்தனியே அமுக்கிப் பார்த்தேன். ஐந்து கீக்கும் புள்ளி விழுந்தது. வலது கை மோதிர விரலுக்கு வரும் ஆறாவது கீ நன்றாக உள்ளே போனது, மேலே வந்தது, சத்தமும் போட்டது. தாளில் மட்டும் ஒன்றும் இல்லை.

ஆறாவது புள்ளி இல்லையென்றால் தமிழில் என்ன ஆகும் என்று சொல்கிறேன். 'வ' என்பது 'ல' ஆகிவிடும். 'ழ' என்பது 'ர' ஆகிவிடும். 'ய' போய் 'ந' வரும், 'உ' போய் 'க' வரும். அந்த மெஷினில் நான் பாடம் எழுதினால் பத்தாம் வகுப்பில் என்ன வாசிப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன். சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. பள்ளி திறக்க மூன்று வாரம்தான் இருந்தது.

பொருள் விவரத்தில் சொன்ன மாதிரி இல்லை, பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று அன்றே அந்த ஏலக் கம்பெனிக்கு எழுதினேன். மறுநாள் பதில் வந்தது. குறைபாடு படங்களில் தெளிவாகக் காட்டப்பட்டுள்ளது, நீங்கள் படங்களைப் பார்த்த பிறகே ஏலம் கேட்டிருக்கிறீர்கள், எனவே பணம் திருப்பித் தர வழியில்லை. நான் பார்வையற்றவள் என்று சொல்லி இன்னொரு முறை எழுதினேன். பத்து நிமிடத்தில் அதே பதில், ஒரு எழுத்து மாறாமல் வந்தது. யாரும் வாசித்திருக்க மாட்டார்கள். விற்றவருக்குச் சம்மதம் என்றால் அவரே திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்று மட்டும் கடைசி வரியில் இருந்தது.

அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரரிடம் போனை நீட்டினேன். மூன்று படத்திலும் என்ன இருக்கிறது என்று ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னேன். முதல் இரண்டைச் சொன்னார். மூன்றாவதில் கொஞ்சம் நிறுத்தினார்.

"மேல ஒரு வெள்ள பேப்பர் ஒட்டியிருக்கு. ஆறு வேலை செய்யாதுன்னு பேனாவுல எழுதியிருக்கு."

பிசுபிசுப்பு எதனுடையது என்று அப்போது புரிந்தது. அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டுத்தான் எனக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. என்கிட்ட ஒரு தடவ காட்டியிருக்கலாம்ல என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அன்று முழுக்க எனக்கு என் மேலேயே எரிச்சல். ஒரு பார்வையில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். அப்புறம் சமையல் செய்துகொண்டிருந்தபோது வேறு மாதிரி தோன்றியது. நான் ஏமாளி என்றே வைத்துக்கொள்வோம். அதற்காக விற்றவர் எழுதியது உண்மையாகிவிடுமா? எழுத்தில் ஒன்று, படத்தில் ஒன்று. அதுவும் எந்தப் பொருளில்? பார்வை இல்லாதவர்கள் மட்டுமே வாங்கக்கூடிய ஒரு பொருளில்.

பார்சல் மேல் இருந்த அனுப்புநர் விலாசத்தைப் போனைக் காட்டி வாசிக்கச் சொன்னேன். அரியலூர் என்றது. எனக்கு நம்ப முடியவில்லை. ஒரு மணி நேர பஸ் தூரத்திலிருந்து வர வேண்டிய பெட்டி, நான்கு நாள் எங்கெங்கோ ஊர் சுற்றிவிட்டு வந்திருக்கிறது. விலாசத்தில் இருந்த நம்பருக்கு இரண்டு முறை அடித்தேன், எடுக்கவில்லை. சரி, நேரிலேயே போய்விடலாம் என்று முடிவு செய்தேன். வீட்டுக்காரர் கடையைச் சாத்திவிட்டு வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அவர் கூட வந்தால் கடைக்காரர் அவரிடம்தான் பேசுவார், என்னிடம் பேச மாட்டார். இது எனக்கு எல்லா இடத்திலும் நடப்பதுதான்.

மறுநாள் காலை அவர் என்னை அரியலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். மெஷின் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டேன். கண்டக்டர் தையல் மெஷினாக்கா என்று கேட்டார். எழுதுகிற மெஷின் என்றேன். பேரளி, குன்னம் என்று அவர் குரல் கொடுத்துக்கொண்டே வர, சிமெண்ட் லாரிகள் எதிரே உறுமிக்கொண்டு போக, நான் மனதுக்குள் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். ஒரு மோசடிக்காரனிடம் எப்படிப் பேச வேண்டுமோ அப்படி. வாக்கியங்கள் எல்லாம் நன்றாகவே அமைந்தன.

அரியலூரில் இறங்கி ஆட்டோ பிடித்துக் கடை வாசலுக்குப் போய்விட்டேன். துரு வாசனை, பழைய மரச் சாமான் வாசனை, கிறீச்சென்று சுற்றும் ஒரு மின்விசிறி. யாரோ ஒருவர் கிரைண்டருக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். நான் ஒரு கையில் குச்சியும் இன்னொரு கையில் பெட்டியுமாகப் படி ஏறினேன். உள்ளேயிருந்து ஒரு குரல், ஐம்பது வயதிருக்கும், என்னைப் பார்த்துச் சொன்னது.

"சில்லறை இல்லம்மா. அடுத்த கடையில பாருங்க."

பஸ்ஸில் தயார் செய்து வைத்திருந்த அத்தனை வாக்கியமும் போய்விட்டது. அவர் மேஜை எங்கே இருக்கிறது என்று குச்சியால் தட்டிப் பார்த்து, பெட்டியை அதன் மேல் வைத்தேன்.

"சில்லறைக்கு வரலைங்க. உங்ககிட்ட ஏலத்துல இந்த மெஷின எடுத்தது நான்தான்."

கிரைண்டர் பேரம் நின்றுவிட்டது. ஒரு நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. உட்காருங்கம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க என்றார். உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் மேஜை இழுப்பறையைத் திறந்தார். கம்பெனிக்கு எழுதி அலைய வேண்டாம்மா, உங்களப் பாத்தா பாவமா இருக்கு, கண்ணு தெரியாதவங்ககிட்ட காசு வாங்கி நான் என்ன பண்ணப் போறேன், முழுப் பணத்தையும் கையில குடுத்துடறேன், பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் சேத்து எடுத்துக்குங்க என்றார். நோட்டுகளை எண்ணும் சத்தம் கேட்டது. என் கையைப் பிடித்து அதில் வைத்தும்விட்டார்.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் விரலை மடக்கிவிட்டேன். இதற்குத்தானே வந்தேன்? வாங்கிக்கொண்டு அடுத்த பஸ் பிடித்தால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். ஆனால் இந்தப் பணம் எதற்காக வருகிறது என்று யோசித்தேன். அவர் எழுதியது தப்பு என்பதற்காக வரவில்லை. எனக்குக் கண் தெரியாது என்பதற்காக வருகிறது. படி ஏறும்போது இல்லை என்று சொன்ன சில்லறைதான், இப்போது பெரிய நோட்டாக வந்திருக்கிறது. பணத்தை மேஜை மேல் வைத்துவிட்டேன்.

இப்படி வேண்டாம், ஆப்பிலேயே திருப்பிக் கொடுங்கள் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சரி என்று போனை எடுத்தார். திரும்பப் பெறுவதற்குக் காரணம் கேட்கிறதே என்று முணுமுணுத்தபடி வாசித்தார். வாங்கியவர் மனம் மாறிவிட்டார் என்று ஒன்று இருந்தது. பொருள் விவரத்தோடு பொருந்தவில்லை என்று ஒன்று இருந்தது. முதலாவதை அமுக்கப் போனார். இரண்டாவதை அமுக்குங்கள் என்றேன்.

அங்கேதான் அவர் குரல் இறுகியது. இரண்டாவதை அமுக்கினால் கூரியர் செலவும் அவர் தலையில் விழும், அவர் பெயருக்கு ஆப்பில் ஒரு கரும்புள்ளியும் விழும். நான்கு வருடமாக விற்கிறார், இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை.

"பணம்தானம்மா வேணும்? அதான் தரேங்கிறேன்ல. மனசு மாறிட்டாங்கன்னு போட்டா உங்களுக்கு என்ன கொறஞ்சு போவுது?"

"எனக்கு மனசு மாறலைங்க. எழுத்துதான் மாறுது."

சொல்லிவிட்டு மெஷினைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தேன். கைப்பையில் தாள் வைத்திருந்தேன். உருளையில் செருகி, உழவர் என்று அடித்தேன். என் பழைய மெஷினில் அடித்த பாடத்தாள் ஒன்றையும் கொண்டுபோயிருந்தேன். அதில் அதே சொல் இருக்கும் இடத்தைத் தடவிக் கண்டுபிடித்து, இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பிரெய்ல் தடவித்தான் வாசிக்க வேண்டும் என்பதில்லை, கண்ணாலும் எண்ணலாம். இரண்டாவது எழுத்தில் எத்தனை புள்ளி இருக்கிறது என்று ரெண்டு தாளிலும் எண்ணிச் சொல்லச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். கிரைண்டர் வாங்க வந்தவரும் குனிந்து பார்க்கிறார் என்று மூச்சுச் சத்தத்தில் தெரிந்தது.

"பழசுல அஞ்சு. இதுல... நாலு."

"அஞ்சு இருந்தா அது ழ. நாலு இருந்தா ர. இதுல எழுதி நான் வகுப்புல படிச்சா உழவர்ங்கிறதக் கரலர்னு படிப்பேன். பிள்ளைங்க எழுதிக்கும்."

அவர் ஒவ்வொரு கீயையும் தானே அமுக்கிப் பார்த்தார். எல்லாம் உள்ளே போய் வந்தன. அப்புறம்தான் அவர் பக்கக் கதையைச் சொன்னார். எங்கேயோ மூடிவிட்ட ஒரு பயிற்சி நிலையத்தின் சாமான்களை மொத்தமாக எடுத்திருக்கிறார். இந்த மாதிரி மெஷின் நாலு. இது என்ன மெஷின் என்றே அவருக்கு முதலில் தெரியாது. யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டார். இங்கிலீஷில் எழுத வராது என்பதால், வேறு ஒருவர் இதே மாதிரி மெஷினுக்குப் போட்டிருந்த விவரத்தை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார். ஆறு வேலை செய்யாது என்ற காகிதத்தைப் பார்த்திருக்கிறார். எல்லாக் கீயையும் அமுக்கியிருக்கிறார். எல்லாம் உள்ளே போனது. எப்போதோ ஒட்டின பழைய காகிதம், சரிபண்ணியிருப்பார்கள் என்று நினைத்துவிட்டார். தாளைச் செருகிப் பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அனுப்பும்போது அழுக்காக இருந்தது என்று துடைத்தபோது காகிதத்தையும் கிழித்துப் போட்டிருக்கிறார்.

பஸ்ஸில் நான் ஒத்திகை பார்த்த மோசடிக்காரன் அந்தக் கடையில் இல்லை. வாசிக்காததை எழுதிய ஒருவர் இருந்தார். அவரை நான் நினைத்து வைத்திருந்த விதம் எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனால் அதற்காகக் காரணத்தை மாற்றிக்கொள்ள முடியாது என்பதிலும் நான் தெளிவாக இருந்தேன்.

அவரும் சுலபத்தில் விடவில்லை. படத்தில் இருந்ததே, நான் மறைக்கவில்லையே, கம்பெனியே அப்படித்தானே சொல்லிவிட்டது என்றார். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. நான் கேட்டேன்.

"அந்தப் படத்த யாருக்குக் காட்டுனீங்க?"

"வாங்குறவங்களுக்குத்தான்."

"இந்த மெஷின யாரு வாங்குவாங்க?"

கிரைண்டர்காரர் இலேசாகத் தொண்டையைச் செருமினார். நான் காத்திருந்தேன். வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்து எனக்குப் பழக்கம் உண்டு. அவசரப்பட்டு நாமே பதில் சொல்லிவிடக் கூடாது.

கொஞ்ச நேரம் கழித்துக் கடைக்காரர் போனை எடுத்தார். ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டே அமுக்கினார், எனக்குக் கேட்கட்டும் என்று. பொருள் விவரத்தோடு பொருந்தவில்லை. ஒப்புக்கொள்கிறேன். அனுப்பு.

"போட்டுட்டேன் டீச்சர்."

அதுவரை அம்மா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் எந்த வேலை பார்க்கிறேன் என்று தனியாகச் சொல்லவும் இல்லை. வகுப்பு, பிள்ளைங்க என்று பேச்சுவாக்கில் வந்ததைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

கிளம்பலாம் என்று எழுந்தேன். உள்ளே இருக்கும் மற்ற மூன்றையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுப் போக முடியுமா என்று கேட்டார். அதில் இரண்டை ஏற்கெனவே ஏலத்தில் போட்டிருக்கிறாராம், அதே ஒட்டி எடுத்த விவரத்தோடு. ஒவ்வொன்றாக மேஜைக்குக் கொண்டுவந்து வைத்தார். தாளைப் போட்டு எல்லாவற்றையும் அடித்துப் பார்த்தேன். ஒன்றில் உருளையே பிடிக்கவில்லை, பாகத்துக்குத்தான் ஆகும். ஒன்றில் எல்லாப் புள்ளியும் விழுந்தது, ஆனால் மணி அடிக்கவில்லை. வரி முடியப் போகிறது என்று சொல்ல இந்த மெஷினில் சின்னதாக ஒரு மணி அடிக்கும். அது இல்லையென்றால் எத்தனை எழுத்து ஆச்சு என்று நாமே எண்ணிக்கொள்ள வேண்டும். இன்னொன்று அருமையான மெஷின். அதைத் தொட்டதும் எனக்கே விட மனசில்லை.

அதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஆனால் அதற்கு ஏற்கெனவே யாரோ ஆப்பில் விலை கேட்டிருந்தார்கள். வெளியூரில் எங்கோ இருக்கும், என்னைப் போன்ற ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. ஏலத்திலேயே கேட்டுக்கொள்கிறேன் என்றேன். அதற்குப் பதிலாக மூன்றுக்கும் விவரம் நான் சொல்கிறேன், நீங்கள் எழுதுங்கள் என்றேன். எது விழுகிறது, எது விழவில்லை, எங்கே துரு, எங்கே கீறல் என்று சொல்லச் சொல்லத் தமிழிலேயே எழுதினார். படத்துல என்ன இருக்குன்னும் எழுதணுமா டீச்சர் என்று கேட்டார். எழுதுங்கள் என்றேன். அதற்கு அவரே உட்கார்ந்து மூன்று படத்தையும் உற்றுப் பார்த்து எழுதினார். எழுதியதை எனக்கு வாசித்தும் காட்டினார். ஒரு இடத்தில், பின்பக்கம் பச்சைப் பெயிண்ட் சிந்தியிருக்கிறது என்று வந்தது. அது எனக்கே தெரியாது.

ஐந்தாம் நாள் பணம் வங்கிக்குத் திரும்பி வந்தது. வங்கியின் செய்தியைவிட, கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தைத்தான் போனில் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். காரணம் என்ற இடத்தில், பொருள் விவரத்தோடு பொருந்தவில்லை என்று இருந்தது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அவருக்கும் ஒரு முறை கேட்கவைத்தேன்.

அந்த நல்ல மெஷின் எனக்குக் கிடைக்கவில்லை. ஏலத்தில் கேட்கத்தான் செய்தேன். நான் சொல்லி எழுதிய விவரம் அவ்வளவு தெளிவாக இருந்தது போலும், புதிதாக இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள், விலை என் கைக்கு எட்டாமல் ஏறிவிட்டது. அன்று மாலை முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தேன். மணி அடிக்காத மெஷினைத்தான் கடைசியில் எடுத்தேன். அதற்குப் போட்டியே இல்லை. ஜூனில் பள்ளி திறந்தபோது முதல் வாரப் பாடங்கள் ஊசியால் குத்தியவை, அதற்குப் பிறகு எல்லாம் இந்த மெஷினில் அடித்தவை. எழுத்துகளை எண்ணிக்கொண்டே அடிப்பது பழகிவிட்டது. அந்த வருடம் என் வகுப்பில் சமூக அறிவியலில் ஒருவரும் தவறவில்லை. அதை ஆசிரியர் அறையில் நான் சொல்லிக்காட்டவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்படி பார்த்துக்கொண்டேன்.

இப்போதும் ஆன்லைனில் வாங்குகிறேன். ஒன்றே ஒன்றுதான் மாறியிருக்கிறது. பிடிவாதத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, படத்தில் என்ன இருக்கிறது என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன். பெரும்பாலும் வீட்டுக்காரரிடம் கேட்பதில்லை, விற்பவரிடமே எழுதிக் கேட்கிறேன். சிலர் பதில் போடுவதில்லை. அவர்களிடம் நான் வாங்குவதில்லை.

இரக்கம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. அன்று அந்தக் கடைக்காரர் நோட்டை எண்ணிக் கொடுத்தது நல்ல மனதோடுதான். ஆனால் அதை வாங்கிக்கொண்டு வந்திருந்தால், அவர் எழுதியது சரியாகவும் நான் பாவமாகவும் அப்படியே இருந்திருப்போம். அதனால் இன்றைக்கும் ஏதாவது ஓர் அலுவலகத்தில் வரிசையை நிறுத்திவிட்டு, பாவம், அவங்களுக்கு முதல்ல முடிச்சுக் குடுங்க என்று யாராவது சொன்னால், நன்றி சொல்லிவிட்டு என் இடத்திலேயே நின்றுகொள்கிறேன். கால் வலிக்கத்தான் செய்கிறது, ஆனால் என் முறை வரும்போது கவுண்டருக்கு முன்னால் நிற்பது அந்தப் 'பாவம்' இல்லை, நான்.